ஆபீஸ் அப்பா வேஷம்

1

இந்தக் கதை மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் ஒரு துணிக்கடையில் கிடைத்தது. நாற்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் டைனோசர் படம் போட்ட டீ-ஷர்ட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார் கடைக்காரர்.

"எனக்குத்தான். எக்ஸெல் இருக்கா?"

2

கட்டுரையாகத்தான் தொடங்கினேன்: ‘ஒரு காலத்தில் பெரியவர்களின் உடையையே சின்னதாகத் தைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். இன்றோ பிள்ளைகளின் உடையைப் பெரியவர்கள் பெரிதாக…’ வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

அவருக்குக் கோதண்டராமன் என்று பெயர் வைக்கிறேன். வேலை போய் மூன்று மாதம். மனைவி வீணாவுக்குத் தெரியும். ஏழு வயது மகள் நிருபமாவிடம் மட்டும், வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டு, அறைக்குள் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இன்டர்வியூ. அந்தக் கம்பெனி முதலாளிக்கு வயது இருபத்தேழு. அரை டிரவுசரில்தான் வருவாராம். அங்கே சட்டையை இன் பண்ணுபவர் வாசல் செக்யூரிட்டி ஒருவர்தான். டைனோசரின் அவசியம் இப்போது புரிந்திருக்கும்.

3

அதே காலையில் மகளின் பள்ளியில் மாறுவேடப் போட்டி. (கதாசிரியர்களுக்கு இப்படித்தான் வசதியாகத் தேதி அமையும்.) உலக்கையால் எதிரிகளை அடித்து வீழ்த்திய கன்னட வீராங்கனை ஒனகே ஓபவ்வா வேஷத்துக்கு வீணா உலக்கைகூட வாங்கிவிட்டாள். பெண் மசியவில்லை. அப்பாவின் முழுக்கைச் சட்டை, டை, கழுத்தில் பழைய ஐடி கார்டு.

(கார்டை அவர் கம்பெனியில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. என் பாத்திரம்தான், இருந்தாலும் பாவம்.)

மேடையில் அவள் சொன்னாள்: "நான் ஆபீஸ் அப்பா. எனக்கு மீட்டிங் இருக்கு. கதவ சாத்திட்டுப் போ."

அரங்கமே சிரித்தது. இரண்டு பேர் சிரிக்கவில்லை.

4

மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தவள், இன்டர்வியூ உடையிலேயே வந்திருந்த அப்பாவின் அரை டிரவுசரையும் டைனோசரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, நீ என்ன வேஷம்?"

‘டைனோசர்’ என்று எழுதினேன். மூவரும் சிரிக்கிறார்கள், கதை தப்பித்துவிடுகிறது. அடித்துவிட்டேன். ‘நானும் ஆபீஸ் அப்பாதான்’ என்று எழுதினேன். மூன்று மாதமாகச் சொன்ன பொய்தான் அது. ‘கண்ணா, அப்பாவுக்கு இப்ப…’ இதற்குமேல் கை ஓடவில்லை.

மணி பத்தரை. வெளியே ஆட்டோ நிற்கிறது. அவள் நிமிர்ந்து பார்த்தபடி காத்திருக்கிறாள். கழுத்திலுள்ள கார்டில் அவர் டை கட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

என்னால் முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.