கட்டிலோரத் தூக்கம்

...என்ன சொல்லப்போகிறோம் என்று ஆஸ்பத்திரிப் படி ஏறும்வரை போதகருக்குத் தோன்றவில்லை, ஏறிய பிறகும் தோன்றவில்லை, முன்பெல்லாம் இப்படியா, கட்டிலைப் பார்த்ததும் வசனம் தானாக வாயில் வந்து நிற்கும், ஐயா வந்தாலே பாதி நோய் போய்விடுகிறது என்பார்கள் சபையில், மீதிப் பாதிக்கு டாக்டர் இருக்கிறார் என்று அவர் மனைவி சிரிப்பாள்... அவள் இறந்துபோனது இதே ஆஸ்பத்திரி மாடியில்தான், அடக்கம் முடிந்து வந்து கை கால் கழுவினார், அடுத்த ஞாயிறு பிரசங்கம்கூடச் செய்தார், அழுகை வரும் என்று காத்திருந்தார், அதுவும் வரவில்லை, பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது, தொட்டால் தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான். வார்டு வாசலில், சபையைச் சேர்ந்த வெல்டரின் மனைவி ஓடிவந்தாள். "ஐயா, காலு புண்ணு அழுகிடுச்சாம், இன்னிக்கே பாதத்தை எடுக்கணுமாம், இல்லேன்னா உயிருக்கே ஆபத்தாம். இவரு ஒத்துக்க மாட்டேங்குறாரு. சபை மூப்பருங்க பேசிப் பாத்துட்டாங்க, என் தம்பி சண்டையே போட்டுட்டான். நீங்க சொன்னா கேப்பாரு." நான் சொன்னாலா, என்னிடம் என்னம்மா இருக்கிறது, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்...

வெல்டர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவில்லை. போதகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், வேதாகமத்தைத் திறந்தார், எழுத்துகள் எழுத்துகளாகவே இருந்தன, வாய் திறக்கவில்லை, ஏதாவது சொல்லேன் ஐயா, இதற்குத்தானே வந்தாய்... மேலே மின்விசிறி கடகடத்தது, அவள் கட்டிலுக்கு மேலேயும் இப்படித்தான் ஒன்று, அவள் கண்ணை மூடிக்கொண்டு அதற்குத் தாளம் போடுவாள், விரல் மெல்ல மெல்ல...

"ஐயா... ஐயா!" திடுக்கிட்டு விழித்தார். மடியில் புத்தகம் இல்லை, மோவாயில் எச்சில், தோளில் யாருடைய போர்வையோ. வெல்டர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ விழுந்துடுவீங்கன்னுதான் எழுப்பினேன். என்னா குறட்டை! பக்கத்து கட்டில்காரர் வெளிய போயிட்டாரு."

"மன்னிச்சிடுங்க. ஜெபம் பண்ண வந்துட்டு..."

"உங்க வீட்டம்மா போனதுலேந்து தூங்கலையா?"

"சரியாத் தூங்கல."

வெல்டர் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "வந்தவங்க எல்லாம் பேசினாங்க ஐயா. தைரியமா இருங்கன்னாங்க. கேக்கக் கேக்க பயம்தான் ஏறிச்சு. உங்களைப் பாத்தேன். பாதி ஆளையே எடுத்துக்கிட்டுப் போன பிறகும் இந்த மனுஷன் சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டாவது வந்து உக்காந்திருக்காரேன்னு... எனக்கு ஒரு பாதம்தானே. நர்ஸம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

சக்கரக் கட்டிலில் அவரைக் கொண்டுபோனபோது மனைவி போதகரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், ஆண்டவர்தான் உங்களை அனுப்பினார் என்றாள், அவர் தலையாட்டினார், சந்தோஷம் என்று ஒன்று வரவேண்டிய இடத்தில் தேடினார், அங்கே ஒன்றுமில்லை, பசிகூட இல்லை. படி இறங்கினார். ஒரு சொல் சொல்லவில்லையே, நல்ல எண்ணம் ஒன்றாவது உண்டா, வாயைப் பிளந்துகொண்டு தூங்கியவனை வைத்தா ஒரு காரியம் நடக்கும், இருந்து இருந்து இதுதான் கிடைத்ததா உமக்கு, என்று தெருவில் கால் வைத்தபடி கேட்டார்... உமக்கா, என்று நின்றார். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு போனார். ஆண்டவரோடு நேராகப் பேசி எத்தனை நாளாயிற்று, பிரசங்கத்தில் எல்லாம் அவர் அவர் என்றுதானே, யாரோ வெளியூர்க்காரரைப் பற்றிச் சொல்வது மாதிரி... பதில் எதுவும் வரவில்லை, பஸ்தான் வந்தது, அவர் ஏறாமல் நின்றுகொண்டிருந்தார்.