மெர்லினைக் கல்லில் படுக்கவைக்கப் போன கதை

என் ஒரே மகள் மெர்லின், நர்சிங் முடித்த கையோடு, "அம்மா, நான் கன்னியர் மடத்துல சேரப் போறேன்" என்றாள். விக்கிரவாண்டியில் நல்ல மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறேன், இவளுக்குத் துறவறம் கேட்கிறதாம்! அழுது பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன். ம்ஹூம். அப்புறம்தான் திண்டிவனம் பக்கத்துக் குன்று ஒன்றில் அந்தக் காலத்து மடம் இருப்பது தெரிந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் சமணப் பெண் துறவிகள் வாழ்ந்த குகையாம். அந்தக் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தாலாவது புத்தி வரட்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன்.

குகையைப் பார்த்துக்கொள்ளும் வீரம்மாள்தான் எல்லாம் சொன்னாள்.

"ஊட்ட வுட்டு வந்த பொம்பளைங்க இங்க தங்கிக்கினு படிச்சாங்க, பாடமும் சொன்னாங்க. ஒரு வேளைதான் சாப்பாடு. தலைமுடிய அவங்களே கையால பிடுங்கிக்குவாங்க."

"கேட்டியாடி?" என்றேன். மெர்லின் தன் பின்னலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எனக்குள் குளுகுளுவென்று இருந்தது.

உள்ளே பாறையில் ஆளுக்கொரு படுக்கை செதுக்கியிருந்தார்கள். தலையணையும் கல்தான்.

"காலம்பூரா இதுலதான் படுக்கணும்!"

"இப்ப மடத்துல கட்டில் இருக்குதும்மா."

"வாய மூடு. முதுகு என்னா ஆவுதுன்னு பாரு" என்று நானே நீட்டிப் படுத்துக் காட்டினேன். காற்று சிலுசிலுவென்று வந்தது. கல் ஜில்லென்று இருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மெர்லின் துப்பட்டாவால் எனக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"ஏண்டி எழுப்பல?"

"நீ இப்டி தூங்கி நான் பார்த்ததே இல்லம்மா. காலைல எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சி. முடிய பிடுங்குவாங்கன்னதும் பயந்தே போய்ட்டேன். இப்ப பயமே இல்ல. கல்யாணம் கட்டுன பொம்பள கல்லு மேல இந்தத் தூக்கம் தூங்குறான்னா, எனக்கு அந்தக் கல்யாணமே வேணாம்."

"அடிப்பாவி! காத்து நல்லா வந்துச்சிடி, அதான்!" என்று கத்தினேன். வீரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. என் வீட்டுக்காரர் சவரிநாதன்.

"கொழம்பு எங்க வச்ச?"

"அடுப்பு மேலதாங்க."

"யாரு எடுத்துப் போடுறது? ஜல்தியா வா."

மெர்லின் என் முகத்தையே பார்த்தாள். அவள் இல்லாத வீட்டை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"மடத்துல எப்ப வந்து சேரச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.