ஸ்காட்லாந்துக்கு எதிராக ஜெசி

விவாதப் போட்டிக்குக் குலுக்கிய சீட்டில் ஷாரோனுக்குச் சுதந்திரம் விழுந்தது. ஜெசிக்கு விழுந்தது சேர்ந்தே இருப்பது.

"ஸ்காட்லாந்து தனிநாடானால் அதன் மக்கள் வசதியாக வாழ்வார்கள்" என்று வகுப்பு ஆசிரியர் சயா ஸ்டீவன் பலகையில் எழுதியபோது, வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. யாங்கோனின் பபேடான் பகுதியில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஆங்கில வகுப்பு அது. உள்ளூர் விஷயத்தை விவாதிக்கக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டாமலே எல்லாருக்கும் தெரியும். அதனால் சயா வருஷத்துக்கு வருஷம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார். போன தடவை நார்வேயின் மீன்பிடிப்பு. இந்தத் தடவை ஸ்காட்லாந்து.

வழக்கமாக ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள். இந்த வருஷம் கோப்பை இல்லை, வகுப்பு. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஜூடித் தாய்லாந்துக்குப் போய்விட்டாள். அவள் இடம் ஜெயித்தவருக்கு என்று சயா சொல்லிவிட்டார். பதினெட்டுப் பிள்ளைகள், ஒரு சாக்பீஸ் டப்பா. நுழைந்ததும் பதினெட்டும் எழுந்து "சயாமா" என்று கூப்பிடும். பத்தாவது பாதியில் பள்ளிக்கூடம் நின்றுபோன ஜெசிக்கு, ஆசிரியை என்று ஒருவர் வாயால் கேட்க உலகத்தில் வேறு வாசல் இல்லை.

ஷாரோனுக்கு இது எதற்கு? அதுதான் ஜெசிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. ஷாரோன் தனியார் கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக ஒரு வாழ்க்கை அவளுக்காகப் போட்டு வைத்திருக்கிறது. போகிற வழியில் இதையும் ஒரு கை பார்ப்போம் என்று பெயர் கொடுத்திருக்கிறாள்.

இருவரும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். ஷாரோன் மூன்று மாதம் மூத்தவள். ஜெசியின் அப்பா இறந்த பிறகு அவளும் அம்மாவும் மாவ்பி ஊரை விட்டு வந்து, பெரியம்மா வீட்டின் பின்னறையில் ஐந்து வருஷமாக இருக்கிறார்கள். யாரும் ஒரு சொல் குத்திச் சொன்னதில்லை. ஷாரோன் உடுத்துச் சலித்த தமேன் கைலிகள் துவைத்து மடித்து ஜெசியின் பாய்மேல் வந்து உட்காரும். "உனக்குத்தான்டி இந்தப் பச்சை எடுக்கும்" என்பாள் ஷாரோன். உண்மையாகவே எடுக்கும். அதற்கும் ஜெசிக்குக் கோபம் வரும்.

வகுப்பில் ஒரு நடைமுறை உண்டு. இணையம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைப்பவருக்கும் மின்சாரம் இருக்கும் நேரத்தில்தான். அதனால் இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரே தாள். விவரம், எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். தாளில் இல்லாத எண்ணை மேடையில் சொல்லக் கூடாது. கையெழுத்து முத்துமுத்தாக இருப்பதால் தாள் எழுதுவது எப்போதும் ஜெசி.

"என் போனை வெச்சுக்க. எனக்குப் பரீட்சை. நீயே தேடி எழுதிடு" என்றாள் ஷாரோன்.

"உன் பக்கத்துக்கு என்ன வேணும்னு பாக்க வேணாமா?"

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு நாள் ஜெசி அந்தப் போனோடு உட்கார்ந்தாள். 2014இல் வாக்கெடுப்பு, நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் சேர்ந்தே இருப்போம் என்றார்கள், நாற்பத்தைந்து பேர் பிரிவோம் என்றார்கள். பவுண்டைப் பங்குபோட மாட்டோம் என்று லண்டன் சொன்னது. ஸ்காட்லாந்து விற்கும் சரக்கில் பெரும்பகுதியை வாங்குவது பக்கத்திலிருக்கும் இங்கிலாந்துக்காரர்கள்தான். அரசாங்கம் அங்கே ஆளுக்குச் செலவழிப்பது நாட்டின் சராசரியைவிட அதிகம். இந்த வரியை எழுதும்போது ஜெசியின் பேனா சற்று நின்றது. பிறகு கடல் எண்ணெய். பிரிந்து போக விரும்பியவர்கள் அதைத்தான் பெரிதாக நம்பினார்கள். அந்த வருஷம் நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல். அடுத்த ஜனவரியில் பாதிக்கும் கீழே.

ஜெசி முதல் எண்ணை மட்டும் எழுதினாள். வருஷம் போடவில்லை. விலை விழுந்ததை எழுதவில்லை.

ஷாரோன் எண்ணெயைப் பிடித்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியும். அவள் பேசி முடித்ததும் எழுந்து, "எந்த வருஷத்து விலை?" என்று ஒரே கேள்வி. ஷாரோன் திருதிருவென்று முழிக்கிற அந்த முகத்தை நினைத்துப் பார்த்து, போட்டி நாள் வரை ஜெசி அதிலேயே வயிறு நிறைந்தாள்.

போட்டியன்று அறை நிரம்பிவிட்டது. பேச்சு ஆங்கிலத்தில்; தடுமாறினால் தமிழுக்கோ பர்மியத்துக்கோ தாவலாம். முன்வரிசையில் ராஜரத்தினம் மாமா உட்கார்ந்திருந்தார். நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்; எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி அவருடையது.

"சயா, ஒரு சந்தேகம். அந்த ஊர்ல கரண்ட் எத்தனை மணி நேரம்?"

"இருபத்திநாலு மணி நேரமும் இருக்கும் மாமா."

"அப்புறம் எதுக்குப்பா பிரியணுங்கிறாங்க?"

அறை சிரித்து ஓய்வதற்குள் ஷாரோன் எழுந்துவிட்டாள். நல்ல குரல் அவளுக்கு. "யாங்கோன்ல இருக்கிற ஜனம்கூட அங்க கிடையாது. ஆனா கடலுக்கு அடியில எண்ணெய் இருக்கு. பீப்பாய் நூறு டாலருக்கு மேல. சொந்தச் சட்டி, சொந்த அடுப்பு. எதுக்கு அடுத்த வீட்டுல கைநீட்டி நிக்கணும்?" என்றாள்.

அடுத்த வீடு என்ற சொல் ஜெசிக்குச் சுருக்கென்றது. கை தட்டினார்கள். ஷாரோன் தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என் கணக்கு இல்ல. இந்தத் தாள எழுதினது எதிர்க்கட்சி. ஜெசி ஒரு எழுத்து தப்பா எழுத மாட்டா. வேணும்னா அவளையே கேட்டுக்குங்க."

ஜெசிக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த வருஷத்து விலை என்று கேட்டால், தாள் எழுதினவள் நீதானே என்று அறை முழுக்கத் திரும்பும். விலை விழுந்தது என்று சொன்னால், அது தாளில் எங்கே என்பார் சயா. இத்தனை நாள் ஆசையாகத் தோண்டிய குழிக்குள் அவளே நின்றுகொண்டிருந்தாள்.

எழுந்தாள். பவுண்டைப் பற்றிப் பேசினாள்.

"தனிநாடுன்னா தனிப் பணம் வேணும். இல்லாட்டி அடுத்தவன் பணத்த அவன் சொல்ற வட்டிக்கு வெச்சுக்கணும். புதுப் பணம் அடிச்சா அதுக்கு என்ன மதிப்புன்னு யார் சொல்லுவா? பணத்தோட மதிப்பு ராத்திரியோட ராத்திரியா இறங்கினா என்ன ஆகும்னு இங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு நான் சொல்லணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. ராஜரத்தினம் மாமா தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தார். அந்த நிமிஷம் அறை அவள் கையில் இருந்தது. ஆனால் பக்கத்தில் ஷாரோனின் எண்ணெய் கொழுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. அதைத் தொடாமல் ஜெயிக்க முடியாது. உட்கார்ந்தால் ஷாரோன் ஜெயிப்பாள். ஷாரோன் சாக்பீஸைக் கையிலெடுப்பாள், பதினெட்டுப் பிள்ளைகளும் எழுந்து நிற்பார்கள்.

எனக்கு இல்லாவிட்டாலும் போகட்டும், அவளுக்குக் கிடைக்கக் கூடாது. இந்த நினைப்புத்தான் ஜெசியைப் பேச வைத்தது. பின்னால் அதை நேர்மை என்று சொன்னவர்கள் உண்டு. அவளுக்குத் தெரியும், நேர்மைக்கும் அதற்கும் வெகுதூரம்.

"எண்ணெய் விலை தப்பு" என்றாள். "நூறு டாலர், வாக்கெடுப்பு நடந்த வருஷத்துல. அடுத்த ஜனவரியிலயே பாதிக்குக் கீழ போயிடுச்சு. அதை நம்பிப் பிரிஞ்சிருந்தா முதல் வருஷமே துண்டு விழுந்திருக்கும்."

"தாளில் அது இல்லையே ஜெசி" என்றார் சயா.

"இல்ல சயா. நான்தான் விட்டுட்டேன். வேணும்னே. ஷாரோன் மாட்டிக்கட்டும்னு."

வெளியே தெருவில் ஒருவன் பலாப்பழம் கூவி விற்றுக்கொண்டு போனது அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

பிடித்த கட்சியின் பக்கம் நடந்துபோய் நிற்பதுதான் அங்கே வாக்களிக்கும் முறை. முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ராஜரத்தினம் மாமா எழுந்து, "அவ செஞ்சது தப்பு. சொன்னது சரி" என்று முனகியபடி ஜெசி பக்கம் வந்தார். பின்னாலேயே முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். ஸ்காட்லாந்து சேர்ந்தே இருப்பது என்று முடிவாயிற்று.

சயா ஸ்டீவன் பலகையை மெதுவாக அழித்தார். "விவாதம் ஜெசிக்கு. பிள்ளைகள் ஷாரோனுக்கு" என்றார்.

வாசற்படியில் மழையைப் பார்த்தபடி ஷாரோன் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேரே குடுத்திருக்க மாட்டேன்டி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதாலதான். படுக்கிற பாயிலேர்ந்து உடுத்துற துணி வரைக்கும் நீங்க குடுத்தது. இது ஒண்ணாவது உன்கிட்டேர்ந்து பறிச்சதா இருக்கட்டும்னு பாத்தேன்."

ஷாரோன் அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் வழக்கமான கனிவு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஐந்து வருஷத்தில் ஜெசி பார்த்திராத ஒரு முகம் அடியிலிருந்து வந்தது.

"அப்ப நல்லாக் கேட்டுக்க. நான் வகுப்ப விட்டுக் குடுக்கப் போறதில்ல. பாவம்னு நெனச்சுப் பாதிப் பிள்ளைங்களக்கூடக் குடுக்க மாட்டேன். பறிக்கணும்னா வந்து பறி."

"வரேன்."

"வா. போடி."

ஷாரோன் குடையை விரித்துத் தனியாக இறங்கிப் போனாள். ஒரே குடையில் போய்ப் பழகியதால் அது அவள் தலைக்குமேல் பெரிதாகத் தெரிந்தது. ஜெசிக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் கூனாமல் நிற்க முடிந்தது. இரண்டு பேரும் போக வேண்டியது ஒரே வீட்டுக்கு, ஏற வேண்டியது ஒரே படி. ஜெசி நனைந்தபடி எதிர்ப்பக்க நடைபாதைக்குத் தாண்டினாள். அங்கிருந்து குடையை ஒருதரம் பார்த்துக்கொண்டு, அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.