மூடினேனா, மூடலையா?

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கிடைத்தது. அக்காவின் கணவர் விமானப் பராமரிப்பு மெக்கானிக். நான் மாமா என்று கூப்பிடுவேன். வேலையைப் பற்றி வாயே திறக்காத மனிதர் அன்று, "போன வாரம் ஒரு விஷயம் நடந்துச்சு" என்று ஆரம்பித்தார். எழுதுகிறவன் காதில் விழுந்தால் சும்மா விடுவானா?

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'வானம் அன்று இரத்தச் சிவப்பில்...'

அடித்துவிட்டேன். நடந்தது பட்டப்பகலில்.

2

காலை ஷிப்ட் முடிகிற நேரம். மாமா ஒரு விமானத்தின் எஞ்சினுக்கு ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்ததும் மூடியை வைத்துத் திருகிப் பூட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து எரிபொருள் வண்டிக்காரர், "அண்ணே, இந்த ஏணியைக் கொஞ்சம் நகத்துங்களேன்" என்று கத்தினார். மாமா போய் நகர்த்தினார். திரும்பி வந்தார், எஞ்சினின் வெளிக்கதவைச் சாத்தினார், வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

(வண்டிக்காரரை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். பாவம், ஏணியைத்தானே நகர்த்தச் சொன்னார்.)

3

வீட்டில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகும்போது மாமாவுக்குப் பொறி தட்டியது என்று எழுதி, அவரிடமே படித்துக் காட்டினேன்.

"பாட்டிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. சட்டையைக் கழட்டிட்டு இருந்தேன். திடீர்னு அந்த மூடி ஞாபகம் வந்துச்சு. மூடினேனா, மூடலையா?"

கதையில் பதற்றம் போதாது என்று அக்காவை அந்த விமானத்தில் ஏற்றிப் பார்த்தேன். கரண்டியோடு வந்துவிட்டாள்.

"என்னை எதுக்குடா அதுல ஏத்துன? நான் இங்கதானே நின்னேன்! இவர் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆனதைப் பார்த்ததே நான்தான்."

இறக்கிவிட்டேன்.

4

மாமா போனை எடுத்தார். வைத்தார். பூட்டியிருந்தால்? ஒன்றுமில்லாததற்கு விமானத்தையே திருப்பியவன் என்று ஆளாளுக்குக் கேலி செய்வார்கள். பூட்டாமல் விட்டிருந்தால்? ஆயில் வெளியேறும், மேலே போனதும் எஞ்சின்...

(இந்த வாக்கியத்தை முடிக்க மாமா விடவில்லை.)

"என்னங்க, என்ன யோசனை? போடுங்க போனை," என்றாள் அக்கா.

சூப்பர்வைசர் எடுத்தார்.

"சார், ஆயில் மூடியைப் பூட்டினேனான்னு ஞாபகம் இல்ல சார்."

"நல்லா யோசிச்சுப் பாருப்பா. பிளேன் கிளம்பி ஓடுபாதைக்குப் போயிட்டிருக்கு."

"யோசிச்சுட்டேன் சார். நிறுத்திடுங்க."

5

விமானம் திரும்பி வந்தது. வெளிக்கதவைத் திறந்து பார்த்தால், மூடி அதன் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. பூட்டவில்லை.

போனில் இதைக் கேட்டதும் மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அத்தனை பேரு உள்ள இருந்தாங்கடி," என்றார். அக்கா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு, "சட்டையைப் போடுங்க முதல்ல" என்றாள்.

விசாரணையில் வேலை போய்விடுவதாக எழுதியிருந்தேன். போகவில்லை. யார் செய்தது என்பதைவிட எப்படி நடந்தது என்பதைத்தான் அதிகம் கேட்டார்களாம். மூடியைப் பூட்டும்வரை மெக்கானிக்கை யாரும் கூப்பிடக் கூடாது என்பது இப்போது அங்கே விதி. வண்டிக்காரர் தள்ளி நின்று, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறாராம்.

6

முடிவாக மாமாவுக்கு ஒரு விருது கொடுக்கலாமா? கேட்டேன். "தப்பு பண்ணவனுக்கு விருதாடா?" என்று முறைத்தார். ஆனால் முறைக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

பயணிகளிடம் 'தொழில்நுட்பக் காரணம்' என்று மட்டும் சொன்னார்கள். திட்டிக்கொண்டே இறங்கி, வேறு விமானத்தில் ஏறிப் போனார்கள். அவர்களில் ஒருவராக நீங்களும் இருந்திருக்கலாம். தாமதமாகப் போய்ச் சேர்ந்த வீட்டில் யார் கதவைத் திறந்தார்கள்? "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்களா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அது எனக்குத் தெரியாது. நீங்கள்தான் எழுத வேண்டும்.