பின்னால் போகும் அம்பு

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, மறைக்க மாட்டேன். மரக்காணம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஒருவர் தன் மகளைப் பற்றிச் சொன்னார். மகளுக்கு யுவராணி என்றும் அம்மாவுக்கு ஜெயா என்றும் நான் பெயர் வைத்திருக்கிறேன்.

முதல் வரி: "உப்பளத்தின் வெண்மையில் சூரியன்..." (வேண்டாம். உப்பளம் என்றாலே எல்லோரும் வெண்மையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.)

2.
லீவு நாளில் யுவராணியும் அம்மாவோடு உப்பு சுமப்பாள். வரப்பு ஓர் ஆள் அகலம்தான். எதிரே சுமையோடு ஒருவர் வந்தால், வெறுங்கூடைக்காரர் அப்படியே பின்னால் நடந்து வழிவிட வேண்டும். வழிவிட்டவளை "உனக்கு வேலை இல்லை, போ" என்று அங்கே யாரும் துரத்தியதில்லை.

3.
அவளுக்கு விழுப்புரத்தில் நர்சிங் சீட் கிடைத்தது. சீட்டை ஏற்கக் கடைசி நாள், அம்மாவின் போனில் கவுன்சிலிங் இணையதளத்தைத் திறந்து 'இடத்தை ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. 'பலர் காத்திருக்கிறார்கள்' என்று வந்தது.

யுவராணி பின்னால் போகும் அம்பை அழுத்தினாள்.

"ஏண்டி?"

"நிறைய பேர் நிக்கிறாங்களாம்மா. அவங்க போவட்டும். நமக்கு சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்குது."

திரையில் வந்தது: 'இடம் வேண்டாம் என்று தெரிவித்துள்ளீர்கள். நன்றி.'

(நன்றியாம்!)

4.
உதவி எண்ணில் ஒரு குரல்: "பேக் பட்டன் அழுத்தக் கூடாதுன்னு கீழ போட்டிருக்குதே, பாக்கலையாம்மா? இனிமே அடுத்த வருஷந்தான்."

கதையை நிறுத்திவிட்டுக் கத்தப் போகிறேன். அந்த அம்பு எல்லா போனிலும் இருக்கிறது. இருந்தால் அழுத்தத்தான் செய்வார்கள். பின்னால் போனால் முந்தின பக்கத்தை அப்படியே காட்டுவதும், "நிஜமாகவே வேண்டாமா?" என்று ஒருமுறை கேட்பதும் என்ன பெரிய வித்தையா?*

*இணையதளங்கள் கட்டும் நண்பர் அறிவழகனைக் கேட்டேன். "அரை நாள் வேலைங்க. யாரும் மெனக்கெடல" என்றார். அரை நாள்!

5.
ஒரு முடிவு: பெரிய அதிகாரி ஒருவர் போன் செய்து சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். (எழுதவே கூசுகிறது.)

இன்னொன்று: அடுத்த வருடம் யுவராணி... (போன வருடத்தை யார் தருவது?)

இந்தக் கதைக்குள் நான் எத்தனை தடவை பின்னால் போய்த் திருத்தினேன்! ஒரு தடவைகூட யாரும் என்னை வெளியே தள்ளவில்லை.

6.
மறுநாள் வரப்பில் யுவராணி, கையில் வெறுங்கூடை. எதிரே ஜெயா, தலையில் உப்பு. யுவராணி அசையாமல் நிற்கிறாள்.

"நகருடி. கழுத்து ஒடியுது."

நகர்ந்தாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நகரவில்லை என்றும் எழுத முடியவில்லை, பெற்றவள் தலையில் பாரம். நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், ஜெயா இன்னும் கூடையை இறக்கவில்லை.