பிறந்தநாள் பட்டியலும் ஒரு மேக்ரோவும்

எங்கள் ஊர் நூலகத்தில் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்கப் போவதில்லை.

மூடிவிட்ட பிரசவ வார்டைத் திறக்கச் சொல்லி, விசாரணைக் குழுவுக்கு நாற்பத்தொரு தாய்மார் சாட்சி எழுதியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்குள் எல்லாம் ஒரே கோப்பாகப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இனியும் இடுப்புவலியோடு மூன்று மணி நேரம் காரில் போக வேண்டியதுதான். அவர்களே தட்டச்சு செய்த கோப்புகளை வாங்கி வைத்த க்ளெனிஸ் ஒவ்வொன்றையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தாள்.

"பாஸ்வேர்டெல்லாம் எங்க எழுதி வச்சிருக்க?"

"எழுதி வச்சா அப்புறம் பூட்டு எதுக்கு? பிள்ளை பொறந்த தேதிய அவங்களையே அடிக்கச் சொன்னேன். நான் திரும்பிக்கிட்டேன்."

"நல்லா திரும்பின போ. மணி பன்னெண்டு."

சாட்சிகளைத் திறந்து சேர்க்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தார்கள். நூலகத்தில் மாதாமாதம் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டுவோம். அந்தப் பட்டியலில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் பிறந்த தேதியும் தாய் பெயரோடு இருக்கிறது. வேர்டில், சொன்ன வேலையை வரிசையாகத் தானே செய்யும் ஒரு மேக்ரோ எழுதினேன். ஒவ்வொரு கோப்பிலும் அந்தத் தாயின் பிள்ளைகளுடைய தேதிகளை வரிசையாகப் போட்டுப் பார், திறந்தால் சாட்சியை நகலெடு, அவள் பெயருக்குக் கீழே ஒட்டு. ஏதாவது தப்பானால் நின்று அழாதே, மேலே போ.

மூன்று நிமிடம். நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு சாட்சி. காலை மேசைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

படித்துப் பார்த்த க்ளெனிஸ் கேட்டாள்: "ஜோலீன் ஹாக்கெட்டுக்கு எப்போ ரெட்டைப் பிள்ளை பொறந்துச்சு?"

"அது டெல்மாவுக்கு."

"இங்க ரெண்டு பேருக்கும் பொறந்திருக்கே."

காலை இறக்கினேன். மேலே போ என்று நான்தானே சொன்னேன். ஜோலீனின் கோப்பு திறக்கவே இல்லை. கையில் மிச்சமிருந்த டெல்மாவின் சாட்சியை எடுத்து அவள் பெயருக்குக் கீழே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. ஒருத்தி வாயில் இன்னொருத்தி பேச்சை வைத்து அனுப்பப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் ஜோலீன் சமையல் செய்கிறாள். போன் போட்டேன்.

"ரீஸ் பொறந்த தேதிய அடிச்சேன், திறக்கல ஜோலீன்."

"அது ரீஸோட தேதி இல்ல."

"உனக்கு அவன் ஒருத்தன்தானே?"

பாத்திரச் சத்தம் நின்றது.

"அவனுக்கு முன்னாடி ஒருத்தி. போற வழியில கார்லயே பொறந்தா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றவரைக்கும் தாங்கல. உங்க கேக் பட்டியல்ல எப்படி இருப்பா?"

நான் கேட்காமலே தேதியைச் சொன்னாள்.

"பேரு வில்லா. அதையும் எழுதிக்கோ."

பட்டியலில் ரீஸுக்கு மேலே ஒரு வரி சேர்த்து, வில்லா என்று அடித்து, தேதியைப் போட்டேன். தப்பானால் நின்று சொல் என்று மேக்ரோவைத் திருத்தி, முதலிலிருந்து ஓட்டினேன். எங்கேயும் நிற்கவில்லை. நாற்பத்தொன்றும் திறந்தன. ஒன்று ஐம்பதுக்கு அனுப்பினேன்.

க்ளெனிஸ் என் தோளுக்கு மேலாகப் பட்டியலை எட்டிப் பார்த்தாள்.

"வேலைதான் முடிஞ்சுதே. அந்த வரிய எடுத்துடவா?"

"தொட்டுப் பாரு, கைய ஒடிப்பேன்," என்றேன்.