ஆறு விநாடி மௌனம்

அலுவலகத்தில் அவளுக்கு ‘மார்க் அக்கா’ என்று பெயர். வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் விற்கும் ஒரு கம்பெனியின் கஸ்டமர் கேரில், மற்றவர்கள் பேசிய அழைப்புகளைப் பதிவில் கேட்டு மார்க் போடுவதுதான் வேலை. வாடிக்கையாளர் பேசும்போது குறுக்கே புகுந்தால் ஐந்து மார்க் போச்சு. குரலில் சலிப்பு தட்டினால் ஐந்து. ஆறு விநாடிக்கு மேல் லைன் மௌனமாகக் கிடந்தால் பத்து. பதினோரு வருடமாக அடுத்தவர் வாயை அளந்தே சம்பளம் வாங்குகிறவள், வீட்டில் எப்படிப் பேசுவாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், ‘எனக்கென்ன, நல்லாத்தான் பேசுவேன்’ என்று கூசாமல் சொல்லியிருப்பாள்.

போன மாதம்கூடப் புதுப் பெண் ஒருத்திக்கு நூற்றுக்கு நூறு போட்டாள். எதிர்முனையில் பேச்சே இல்லை, வெறும் மூச்சும் ஏதோ நாற்காலி கிறீச்சிடும் சத்தமும்தான். அந்தப் பெண் விதிப்படி, “லைன்ல இருக்கீங்களா?” என்று மூன்று முறை கேட்டு, பணிவாக மன்னிப்புச் சொல்லித் துண்டித்தாள். மார்க் அக்கா அதைப் புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேருக்கும் போட்டுக் காட்டினாள். “பாவம், துவைக்கிற மெஷின் கெட்டுப்போய்த் தானே துவைச்சு மூச்சு வாங்கறாரு போல” என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுடைய ஒரே மகளுக்குப் பதினாறு வயது. நாலைந்து மாதமாகப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, தலை வாருவதில்லை, தோழிகள் வந்தால் கதவைத் திறப்பதில்லை. பக்கத்து அறையில் யாரோ தன்னைப் பற்றிக் கிசுகிசுப்பதாக ஒருநாள் வகுப்பாசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். பெற்றவளிடம் சொல்லவில்லை, ஆசிரியையிடம் சொன்னாள். அதுதான் மார்க் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

மகளைக் கூட்டிப்போய்க் காட்டியபோது மனநல மருத்துவர் நிதானமாகப் பேசினார். “மனச்சோர்வு இருக்கு, அதுக்கு வைத்தியம் பாக்கறோம். அந்தக் குரல் விஷயத்துக்கு இப்பவே பெரிய நோய்னு பேரு வைக்க வேண்டாம். வாசல் வரைக்கும் வந்திருக்கு. உள்ள வராமலே திரும்பிப் போகலாம். வீட்டுல நீங்க எப்படிப் பேசிக்கறீங்கங்கறதும் அவளுக்கு உதவும்.”

அங்கிருந்த ஆலோசகர் சின்ன வயதுப் பெண். அப்பா, அம்மா, மகள் மூவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, கேமராவை ஓடவிட்டு, “வீட்டுப் பிரச்சினை ஏதாவது ஒண்ணைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மார்க் அக்காவுக்கு உள்ளூரச் சிரிப்பு. இந்தப் பரீட்சைக்கெல்லாம் அவள் படிக்க வேண்டுமா என்ன?

அடுத்த வாரம் அவளை மட்டும் கூப்பிட்டுப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பழக்க தோஷம், பேனாவை எடுத்துத் தாளில் கோடு போட ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் மொத்தமே ‘ம்’, ‘சரி’ என்று இரண்டு வார்த்தை பேசியிருந்தார். மகள் நிமிர்ந்து, “அன்னைக்கு மத்தியானம் நான்...” என்று தொடங்கி நிறுத்தினாள். மூன்றாவது விநாடியிலேயே தன் குரல் பாய்ந்து வருவதை மார்க் அக்கா கேட்டாள்.

“மத்தியானம் வரைக்கும் தூங்கினா வேறென்ன ஆகும்? உன் வயசுல நான் வீட்டு வேலையையும் பாத்துட்டுப் படிக்கவும் படிச்சேன்.”

அதன்பின் இரண்டு நிமிடம் அவளுடைய ராஜ்யம்தான். மகளின் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்து, பிறகு மூடிக்கொண்டது. பத்து நிமிடத்தில் இது மூன்று தடவை நடந்தது.

“அவ ஒரு வாக்கியத்தை முடிக்கப் பத்துப் பன்னண்டு விநாடி ஆகுதும்மா. சோர்வு அப்படித்தான் பண்ணும்” என்றார் ஆலோசகர். “உங்க பேச்சாலதான் இது வந்துச்சுன்னு நான் சொல்லல. கொஞ்சம் இடம் விட்டா அவ சொல்லுவா.”

சலிப்புத் தட்டிய ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கழித்து, தாளில் கூட்டிப் பார்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே. எந்தப் பயிற்சிப் பெண்ணும் இவ்வளவு கேவலமாக மார்க் வாங்கியதில்லை. காது மடல் சுட்டது. ரேங்க் கார்டை ஒளிக்கிற பிள்ளை மாதிரி அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். மகள் பாதியில் விட்ட அந்த வாக்கியத்தின் மிச்சத்தை எப்படியாவது கேட்டாக வேண்டும். வேறெதுவும் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அன்று மாலையே முயன்றாள். பதற்றத்தில் வாயில் வந்தது அலுவலகக் குரல். “உங்க சிரமம் எனக்குப் புரியுது. என்னன்னு சொல்லுங்க.”

மகள் வெறித்துப் பார்த்தாள். “ஆள் அனுப்பி ரிப்பேர் பண்ணப் போறியா?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சமையலறையில் நின்ற மார்க் அக்காவுக்கு அவமானத்தில் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். இந்த முறை சொந்தக் குரலிலேயே கேட்டாள். “அன்னைக்கு அந்த ரூம்ல, ‘அன்னைக்கு மத்தியானம் நான்’னு ஆரம்பிச்ச. நான்தான் முடிக்க விடல. மிச்சத்தைச் சொல்றியாம்மா?”

ஆறு விநாடி ஆயிற்று. நாக்கு அரித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். பத்து ஆயிற்று. பதினான்கு.

“உனக்கு போன் பண்ணேன்” என்றாள் மகள்.

வேலை நேரத்தில் கைபேசியை லாக்கரில் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே விதி. மார்க் அக்கா அதைச் சொல்லவில்லை, காத்திருந்தாள்.

“நீ எடுக்கல. அதான் உங்க கம்பெனி நம்பருக்குப் போட்டேன். வீட்டுல யாருமில்ல, ஆனா ரூம்ல யாரோ பேசற மாதிரியே இருந்துச்சு. பயமா இருந்துச்சு. ஒரு அக்கா எடுத்தாங்க. உன்னைக் கூப்பிடச் சொல்லணும்னு நெனச்சேன், பேச்சே வரல.” பேசும்போது அவள் முன்னும் பின்னும் ஆடினாள். கால் ஆடும் அந்த நாற்காலி கிறீச் கிறீச்சென்றது.

மார்க் அக்காவின் கை துணியோடு நின்றது. தினமும் கேட்கிற நாற்காலிச் சத்தம். பெற்ற மகளின் மூச்சு. பதினோரு வருட அனுபவமுள்ள காது அது.

சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் சொன்னாள். “அந்த போன் பதிவை நான் கேட்டேன்டி. நீன்னு எனக்குத் தெரியல. கட் பண்ணதுக்கு நூத்துக்கு நூறு போட்டேன். எல்லாருக்கும் போட்டுக் காட்டி, உன் மூச்சைக் கிண்டல் பண்ணிச் சிரிச்சேன்.”

தலை நிமிர முடியவில்லை. இந்த மௌனத்தை அவள் எண்ணவும் இல்லை.

“அவங்க நல்லாத்தான் பேசினாங்க” என்றாள் மகள் கடைசியில். குரலில் கோபம் இல்லை. “நான் பேசவேயில்ல, ஆனாலும் மூணு தடவ கேட்டாங்கம்மா, இருக்கீங்களான்னு.”

இந்த நாலைந்து மாதத்தில் தான் ஒரு தடவையாவது அப்படிக் கேட்டதுண்டா என்று மார்க் அக்கா தேடிப் பார்த்தாள். எதுவும் அகப்படவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போட்ட நூறு சரியான மார்க்தான்.